கப்பலார் பீரிசுக்குக் கீழே வைத்த உறை

காசு கொடுக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். காசு வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆரையம்பதியில் பச்சைக் கேற் போட்ட ஒரு வீட்டில் இருக்கிறார்.

நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள், கடைசியாக யாராவது தங்கள் கையில் காசைத் திணித்தபோது எப்படி நடந்துகொண்டோம் என்று ஒருதரம் யோசித்துப் பார்க்கட்டும். "சீச்சீ, இதெல்லாம் எதுக்கு" என்று வாய் சொல்லும். வலது கை தடுக்கும். இடது கை சேட்டுப் பையை விரித்துப் பிடிக்கும். கண், தாளின் நிறத்தைப் பார்க்கும். ஒரே உடம்பில் நான்கு கட்சி. கப்பலாரிடம் இந்தக் குழப்பம் கிடையாது. அவர் டிப்ஸ் வாங்குவதைப் பார்த்தால் கொடுத்தவருக்குத்தான் ஏதோ கிடைத்துவிட்டதுபோல் இருக்கும். கொடுத்தவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போவார்.

கப்பலாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. மாதா மாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதியவன் நான்தான். எழுதி முடித்த கையோடு எனக்கே மறந்துவிடும். பதினெட்டு வருடம் சொகுசுக் கப்பல்களில் அறை துப்புரவாக்கி, படுக்கை விரித்து, துவாய் மடித்துவிட்டு ஊர் திரும்பியவர். கரிபியன், நோர்வே, அலாஸ்கா என்று அவர் போகாத இடமில்லை. ஆனால் ஒன்றையும் பார்த்ததில்லை. "கப்பல் கரையில நிக்கிற நேரந்தானே சேர் அறை துடைக்கிற நேரம்" என்பார்.

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையில், பன்னிரண்டு அறைகளோடு இருந்த ஒரு விடுதியில் நான் அப்போது வேலை பார்த்தேன். வரவேற்பு, கணக்கு, தொலைபேசி எல்லாம் நான். முதலாளி இல்லாதபோது முதலாளியும் நானே. கப்பலார் அறைப் பணியாளர்களுக்குத் தலைவராக வந்து சேர்ந்தார்.

அவர் வந்த முதல் நாள் ஒரு சுற்றுலாக் கூட்டம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் விடுதியில் அதற்கென்று ஒரு சம்பிரதாயம் இருந்தது. விருந்தாளி வான் வண்டியில் ஏறும் நேரம் பார்த்து, குசினிச் சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை எட்டுப் பேரும் வரிசையில் வந்து நின்று தலையைச் சொறிவார்கள். யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். எட்டுத் தலையும் சொறியப்படும், அவ்வளவுதான். கப்பலார் தூணைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்தார். வான் போனதும் கேட்டார்.

"என்ன மனே இது? பேன் பாக்கிற கூட்டமா?"

அன்று பின்னேரமே விறாந்தையில் பயிற்சி தொடங்கியது. டிப்ஸ் கொடுக்கும் விருந்தாளியாக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கப்பலார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேர் டை கட்டியிரிக்கார். கையில ஈரம் இல்ல. சேர்தான் கெஸ்ட்."

கப்பலாரின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஒன்று கெஸ்ட், மற்றது க்ரூ. கை நனைகிறவன் க்ரூ. மற்றவன் எல்லாம் கெஸ்ட், அவன் விடுதியின் கணக்கப்பிள்ளையாக இருந்தாலும் சரி. க்ரூவில் எல்லாரையும் "மனே", அதாவது மகனே, என்று கூப்பிடுவார், தன்னைவிட மூத்த தோட்டக்காரரைக்கூட. என்னை மட்டும் "சேர்". அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது, எனக்கு முப்பத்திரண்டு. ஒருநாள் "என்னையும் மனே எண்டு கூப்பிடுங்களன்" என்று கேட்டுப் பார்த்தேன். "சரி சேர்" என்றார்.

பயிற்சிக்கு வருவோம். நான் ஒரு தாளை மடித்து நீட்டவேண்டும். ஒவ்வொருவராக வந்து வாங்கவேண்டும். குசினிக்காரர் எட்டிப் பறித்தார். "கொக்கு மீன் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காத மனே. காசு ஓடாது." அடுத்தவர் வாங்கியதும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கள்ள நோட்டெண்டாலும் கெஸ்ட் போனப்புறம் பாரு." தோட்டக்காரர் இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "கண்ணத் திற மனே. இது விபூதியில்ல."

பிறகு அவரே செய்து காட்டினார். கையை நீட்டக்கூடாது, வந்தால் தடுக்கவும் கூடாது. கண் காசில் படக்கூடாது, கொடுப்பவரின் நெற்றியில் இருக்கவேண்டும். எண்ணுவது பாவம். சம்பளம் களிசான் பைக்குள் போகலாம், டிப்ஸ் சேட்டின் இடது பைக்குத்தான் போகவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது காரணம்.

"காசு மட்டும் வந்தா அது தர்மம் சேர். என்னத்துக்குத் தாறன் எண்டு சொல்லித் தந்தாத்தான் டிப்ஸ்."

கப்பலில் பயணத்தின் கடைசி நாள், விருந்தாளிகள் காசை ஓர் உறைக்குள் போட்டு, வெளியே பணியாளரின் பெயர் எழுதி, உள்ளே இரண்டு வரியும் எழுதிவைப்பார்களாம். பிற்காலத்தில் எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். "அது டிப்ஸ் இல்ல சேர், வரி" என்று கப்பலார் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். உறைகளில் வந்த காசெல்லாம் ஆரையம்பதிக்கு வந்து வீடாகிவிட்டது. "இந்தச் சுவர் நோர்வே. அந்தா, அந்த யன்னல் ரெண்டும் அலாஸ்கா" என்று காட்டுவார். உறைகளை மட்டும் ஒரு சூட்கேஸ் நிறைய வைத்திருந்தார். ஒன்றை எடுத்து எனக்கு வாசிக்கத் தந்தார். "நீங்கள் துவாயில் செய்த யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் எங்கள் மகன் தூங்கினான்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டுதரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

துவாய் என்றதும் முதலை ஞாபகம் வருகிறது. கப்பலில் யானை, அன்னம், குரங்கு என்று மடித்துக் கட்டிலில் வைப்பார்களாம். கப்பலாருக்கு உள்ளூர்ப் பற்று அதிகம். எங்கள் வாவியில் முதலை உண்டு என்பதால், இரண்டு பச்சைத் துவாய்களை மடித்து முழு நீளத்தில் ஒரு முதலை செய்தார். கண்ணுக்கு இரண்டு புளியங்கொட்டை. கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா, வாவியில் படகில் போய் அசல் முதலையைத் தூரத்திலிருந்து பார்த்துப் பயந்துபோன கையோடு அறைக்கதவைத் திறந்தார்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது அவர் மேசைக்கு மேல் நின்றார். அந்த மேசையில் அவர் எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. கப்பலார் வாசலில் நின்றுகொண்டு, வால் பக்கமாக ஒரு முனையை இழுத்தார். முதலை அவிழ்ந்து துவாயானது.

"குளிச்சிட்டு இதாலயே துடைக்கலாம் மெடம்" என்றார்.

அம்மா மறுநாள் டிப்ஸ் வைக்காமல் போனார். ஆனால் பேர்த்திக்குக் காட்டவேண்டும் என்று, முதலையை மறுபடி மடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வாங்குவதில் இத்தனை ஒழுங்கு பார்க்கிறவர் கொடுப்பதிலும் அப்படியே இருந்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது. கப்பலார் எல்லாருக்கும் டிப்ஸ் கொடுத்தார். சேட்டுப் பையில் எப்போதும் நாலைந்து வெள்ளை உறைகளும் ஒரு பேனையும் இருக்கும். கல்முனை பஸ்ஸில் கொண்டக்டருக்கு உறை. "கிழவிய ஏத்திப்போட்டு மணி அடிச்சீங்க. நல்லம்" என்று உள்ளே எழுதியிருக்கும். கோயிலில் ஐயர் தட்டை நீட்டினால் தட்டில் போடமாட்டார், கையைக் குலுக்கி உள்ளங்கையில் உறையை வைப்பார். மந்திரத்தை விழுங்காமல் சொன்னதற்கு.

ஒருநாள் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போய்ப் பொலிஸ்காரரிடம் பிடிபட்டார். தண்டச் சீட்டைப் பணிவோடு வாங்கிக்கொண்டார். பிறகு பையில் கைவிட்டு உறையை எடுத்தார். அந்தப் பொலிஸ்காரர் நேர்மையானவர். லஞ்சம் கொடுக்க வந்ததாகச் சொல்லிக் கப்பலாரை வேப்பமரத்துக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஓடிப்போனேன்.

"லஞ்சம் எண்டா சீட்டு எழுத முன்னம் குடுக்கிற. நான் எழுதினாப்புறந்தானே குடுத்தன்" என்றார் கப்பலார். "எழுத்து முத்து முத்தா இரிக்கு. அதுக்கு."

பொலிஸ்காரர் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் நாங்கள் புறப்பட்டபோது அவர் தன்னுடைய சீட்டுப் புத்தகத்தைப் பிரித்துத் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். கப்பலை விட்டு வந்த முதல் நாள் மனைவி நண்டுக்கறி சமைத்துப் போட்டிருக்கிறார். இவர் சாப்பிட்டுவிட்டுப் பீங்கானுக்குக் கீழே உறையை வைத்துவிட்டு எழும்பிவிட்டார். "நான் என்ன சாப்பாட்டுக்கடையா வச்சிரிக்கன்?" என்று மூன்று நாள் மனைவி கதைக்கவில்லை. நான்காம் நாள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். ஐந்தாம் நாளிலிருந்து உறை இல்லாவிட்டால் கோபம். இதிலிருந்து கப்பலார் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்கள் மூன்று நாள் கோபிப்பார்கள், பிறகு சந்தோசப்படுவார்கள். இந்த அரைகுறை அறிவோடுதான் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனார்.

மகள் சுதா ஆசிரியை. ஒரே பிள்ளை. அவள் வளர்ந்ததில் பதினெட்டு வருடத்தைக் கப்பலார் தொலைபேசியில்தான் கேட்டிருக்கிறார். தேற்றாத்தீவில் ஒரு கணித ஆசிரியரும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும், வீடும் பெண்ணுக்குத்தான். நோர்வேச் சுவரும் அலாஸ்கா யன்னலும் தயாராக இருந்தன. போகிற ஆட்கள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும் என்பதற்காக ஏழாவது ஆளாக என்னைப் பிடித்தார்கள். என் வாழ்க்கையில் நான் வகித்த கௌரவமான பதவிகளில் அதுவும் ஒன்று.

மாப்பிள்ளையின் தாய் பூமணி அக்கா. வயல் வட்டையில் அறுவடைக்குப் போய் நின்றால் முப்பது பேரை வாய் திறக்காமல் வேலை வாங்குகிறவர் என்று கேள்வி. அன்று எங்களைப் பார்த்த பார்வையில் நான் இரண்டுதரம் கதிரையை நேராக்கி உட்கார்ந்தேன். அவருடைய புருசன் மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதற்குமேல் அவரைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது. பேச்சு நன்றாகப் போனது. பூமணி அக்கா கடைசியில் சிரிக்கக்கூடச் செய்தார்.

திரும்பி வரும்போது செட்டிபாளையம் தாண்டியதும் கப்பலாரின் மனைவி பெருமூச்சு விட்டார்.

"கடவுளே, ஒரு குறையும் இல்லாம முடிஞ்சிது."

"ஓம்" என்றார் கப்பலார். "நானும் வைக்கவேண்டியத வச்சிட்டுத்தான் வாறன்."

மனைவி வானின் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"என்னத்த வச்சீங்க?"

"என்வலப்."

"எங்க?"

"தேத்தண்ணிக் கோப்பை வச்ச பீரிசுக்குக் கீழ."

"ஐயோ, வானக் கிறுக்கு! வானக் கிறுக்குடா தம்பி!" என்று மனைவி சாரதியின் கதிரையில் அடித்தார். வான் திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது. பூமணி அக்காவின் குரல் ஏழு பேருக்கும் கேட்டது.

"இஞ்ச பாருங்க, மாப்பிள்ளை கேக்கிற கதை இதோட சரி. எங்கட வீட்டுல தேத்தண்ணி விக்கிறல்ல."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

"என்வலப்பத் திறந்து பாத்தாவா எண்டு கேளு" என்றார் கப்பலார். அதற்கு அவருடைய மனைவி சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

இரவல் சேலைகளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அந்த வீட்டில் ஒவ்வொரு நம்பிக்கையும் திரும்பிப் போனது. சுதா அழவில்லை, சத்தம் போடவில்லை. அழுதிருந்தால் கப்பலார் தாங்கியிருப்பார். அவள் ஒரு வசனம்தான் சொன்னாளாம்.

"நீங்க கப்பல்லயே இருந்திரிக்கலாம் அப்பா."

மறுநாள் விடுதிக்கு வந்தார். பன்னிரண்டு கட்டிலிலும் துவாய்களைச் சும்மா நாலாக மடித்து வைத்துவிட்டு வந்தார். யானை இல்லை, அன்னம் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் புறப்படும்போது டிப்ஸ் நீட்டினார். கப்பலார் வலது கையால் தடுத்து, "வேணாம், வேணாம்" என்றார். நான் வரவேற்பு மேசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததேயில்லை. தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார், இந்தமுறை உண்மையாகவே.

காப்பாற்றியது மாப்பிள்ளைதான். கணித ஆசிரியர், வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று ஒரு கிழமை ஏழு நாளும் கடையில் சாப்பிட்டார். மகன் கடையில் சாப்பிடுவது ஊருக்குத் தெரிந்தால் தன் சமையலுக்குத்தானே இழுக்கு என்று பூமணி அக்கா யோசித்தார். "சரி, அந்த வீட்ட ஒருக்காப் போய்ப் பாக்கிறன். வேற ஒண்டும் கேக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வந்த நாளில் கப்பலாரின் மனைவி கணவனின் சேட்டுப் பை, களிசான் பை எல்லாவற்றையும் சுங்கப் பரிசோதனை செய்தார். மூன்று உறைகள் பறிமுதல். "வாய் திறக்கப்படாது. கை அசையப்படாது" என்று உத்தரவு. காவலுக்குப் பக்கத்தில் நான்.

பூமணி அக்கா புருசனோடு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தார், யன்னலைத் திறந்து மூடினார், உட்கார்ந்தார். மடியில் கைப்பை. கப்பலாரின் மனைவி தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோப்பைகள் எல்லாம் பல்லுக் கிடுகிடுத்தன. கதவடியில் தட்டு ஒரு பக்கம் சரிந்தது. கப்பலாரால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், தட்டுச் சரிவதை மட்டும் பொறுக்க முடியாது. நான் பிடிக்குமுன் எழும்பிவிட்டார். தட்டை வாங்கினார். அது நேரானது. அவரும் நேரானார். அலையில் ஆடுகிற தரையில் பதினெட்டு வருடம் நடந்தவர் சீமெந்துத் தரையில் நடந்துவந்து, பூமணி அக்காவின் வலது பக்கத்தால் குனிந்து, சத்தமில்லாமல் கோப்பையை வைத்தார்.

பூமணி அக்கா குடித்தார். முழுதும் குடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஓர் இருபது ரூபாய்த் தாளை எடுத்தார். எல்லாரும் பார்க்கும்படி அதைப் பீரிசுக்குக் கீழே வைத்தார்.

"இந்தாங்க. தேத்தண்ணிக்கு."

சுதா அறைவாசலில் நின்றாள். அவள் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

கப்பலார் முன்னுக்கு வந்தார். கையை நீட்டவில்லை. பீரிசைத் தூக்கித் தாளை எடுத்தார். கண் தாளில் படவில்லை, பூமணி அக்காவின் நெற்றியில் இருந்தது. இரண்டாக மடித்தார். சேட்டின் இடது பைக்குள் வைத்தார். கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

"நன்றி மெடம்" என்றார். "இந்த வீட்டுல எனக்கு இதுதான் முதல் டிப்ஸ்."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அவமானப்படுத்த வந்த பூமணி அக்காவுக்கு, எதிரில் அவமானப்பட ஆளில்லை. அவர் தடுமாறிப்போய் எங்களைச் சுற்றிப் பார்த்தார். கப்பலார் விடவில்லை.

"காரணத்தையும் சொல்லுங்க மெடம். காரணம் இல்லாட்டி அது தர்மம்."

"என்ன காரணம்?"

"தேத்தண்ணியில என்ன நல்லாயிரிந்திச்சி?"

பூமணி அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. வெறுங்கோப்பையைக் குனிந்து பார்த்தார்.

"சூடு... சூடு சரியா இரிந்திச்சி" என்றார்.

"நானும் உங்களுக்குக் காரணம் எழுதித்தானே வச்சன். நீங்க பாக்கல்ல."

முகத்தில் எறிவதற்கென்று கொண்டுவந்த உறை கைப்பைக்குள் ஒட்டியபடியே இருந்தது. பூமணி அக்கா அதை எடுத்துக் கிழித்தார். காசை மேசையில் வைத்துவிட்டுத் தாளை மட்டும் விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தார்.

"பூமணி அக்காவுக்கு. இஞ்சிய நெருப்புல சுட்டுப்போட்டுத் தட்டிப் போட்டிரிக்கீங்க. அது ஆருக்கும் தெரியாதெண்டு நினைச்சிரிப்பீங்க. எனக்குத் தெரிஞ்சிது."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. பூமணி அக்கா அதை மறுபடி ஒருதரம் சத்தமில்லாமல் வாசித்தார். பிறகு மெல்லக் கிறுகிப் புருசனைப் பார்த்தார்.

"முப்பது வருசமாக் குடிக்கிறீங்களே, இஞ்சி சுட்டுப் போடுறது உங்களுக்குத் தெரியுமா?"

மூலையில் இருந்தவர் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார்.

"அதுக்குள்ள இஞ்சியா இரிக்கி?"

அந்தக் கேள்வியோடு கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பூமணி அக்கா புருசனைப் பார்த்த பார்வைக்கும் பிறகு கப்பலாரைப் பார்த்த பார்வைக்கும் இடையில் எல்லாம் முடிவாகிவிட்டது. சுதா ஓடிவந்து தகப்பனின் கையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கப்பலாரின் மறுகை தட்டைச் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு பூமணி அக்கா கப்பலாரிடம் ஓர் உறையை நீட்டினார். காரணம் எழுதிய உறை. கப்பலார் வாங்கவில்லை.

"ஏன், என்ட காசு செல்லாதோ?" என்று பூமணி அக்கா மறுபடியும் முகம் மாறினார்.

"க்ரூ க்ரூட்ட டிப்ஸ் வாங்கிறல்ல மச்சாள்" என்றார் கப்பலார். "விடிஞ்சதுல இரிந்து குசினிக்குள்ள நிண்டு கை நனைச்சிரிக்கீங்க. இனி நீங்க எங்கட ஆள்."

எனக்கு வயிறெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் கல்யாணத்தையே குலைக்கப் பார்த்தவர் க்ரூ. ஏழாவது ஆளாகப் போய், காவலுக்கும் இருந்த நான் இன்னும் கெஸ்ட்.

பிறகு நான் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆரையம்பதிக்குப் போவேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, காரணம் எழுதிய உறையைப் பீரிசுக்குக் கீழே வைப்பேன். ஒருதரமாவது வேண்டாம் என்று சொல்வார் என்று பார்ப்பேன். சொல்லமாட்டார். நெற்றியைப் பார்த்து, மடித்து, இடது பைக்குள் வைத்து, "நன்றி சேர்" என்பார். எத்தனையோ வருடமாக இதே கதை. காசு போனதில் எனக்குக் கவலையில்லை, அந்தச் "சேர்"தான் சுட்டது.

போன மாதம் போனபோது வீடு நிறைய ஆட்கள். சுதாவின் குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம். தேத்தண்ணிக் கோப்பைகள் முடிந்துபோய், வந்தவர்களுக்குக் கொடுக்க இல்லாமல் பூமணி அக்கா குசினிக்குள் கத்திக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்கப் பிடிக்காமல் சேட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு, கிணற்றடியில் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து கோப்பைகளையும் பீரிசுகளையும் கழுவினேன். எத்தனை கழுவினேன் என்று தெரியாது, பின்னேரம்வரை கழுவினேன். கப்பலார் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு அங்குமிங்கும் போனார். என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. புறப்படும்போது வழக்கம்போல் உறையை வைத்தேன். வழக்கம்போல் எடுத்துக்கொண்டார். ஒருதரம் அறைக்குள் போய்விட்டு, வாசல்வரை வந்து என் தோளைத் தட்டி அனுப்பினார்.

பஸ்ஸில் டிக்கட்டுக்குக் காசெடுக்கக் கையை விட்டபோது என் சேட்டுப் பைக்குள் என்னுடைய உறையே இருந்தது. தோளைத் தட்டிய கைதான் வைத்திருக்கவேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம், எனக்குத் தெரியவேயில்லை. திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே, பேனையால், சரிந்த எழுத்தில் எழுதியிருந்தார்.

"பீரிசுகளுக்கு அடிப்பக்கத்தையும் கழுவியிரிக்காய். கண்டன் மனே."

கல்லடிப் பாலம் வரும்வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாக மடித்து, காசை எண்ணாமல், இடது பைக்குள் வைத்துக்கொண்டேன்.